இறங்கிய நேரம்: காணாமற்போன விமானிகளின் முடிவைத் தேடுவது பற்றி



ஒருவர் எப்படி இறந்தார் என்ற கேள்வியை எட்டயபுரத்தில் எழுப்புவது பொருத்தமானது. 1882 டிசம்பர் 11 அன்று இந்த ஊரில் பிறந்த பாரதி எப்படி இறந்தார் என்று கேட்டால், யானை அடித்து இறந்தார் என்று சொல்பவர்கள் இன்றும் ஏராளம். திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயில் யானை அவரைத் தள்ளியது உண்மைதான். ஆனால் அந்தக் காயத்திலிருந்து அவர் தேறினார். சுதேசமித்திரன் வேலைக்குத் திரும்பினார். ஈரோட்டுக் கருங்கல்பாளையம் வரை போய்க் கூட்டத்தில் பேசினார். அதற்குப் பிறகு வயிற்றுக்கடுப்பு கண்டு 1921 செப்டம்பரில், 11ஆம் தேதி நள்ளிரவு கடந்தபின் காலமானார். நள்ளிரவு கடந்துவிட்டதால் நினைவுநாள் 11ஆ 12ஆ என்ற குழப்பம் வேறு. நண்பர்கள் சூழ்ந்திருக்க, சென்னை நகரின் நடுவில், பத்திரிகையில் வேலை பார்த்த ஒருவருடைய முடிவைப் பற்றியே ஊரில் வேறு கதை நிலைத்துவிட்டது. அப்படியிருக்க, பிறந்த வீட்டிலிருந்து பல ஆயிரம் மைல் தள்ளி, நாலாபுறமும் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லாத இடத்தில் விழுந்த ஓர் இளைஞனின் முடிவை எப்படித் தெரிந்துகொள்வது? போர்க்காலத்தில் காணாமற்போன குண்டுவீச்சு விமானிகளைப் பற்றிய ஆய்வு இந்தக் கேள்வியில் தொடங்குகிறது. இன்று நான் நிறுவ விரும்புவது ஒன்றுதான். ஒருவன் இறந்தான் என்று அறிவிப்பது நிர்வாகத்தின் வேலை. அவன் என்ன ஆனான் என்று கண்டறிவது ஆய்வாளரின் வேலை. முதல் வேலைக்குச் சொந்தப் படையின் ஏடு போதும். இரண்டாவது வேலை எதிரியின் ஏட்டைத் திறக்காமல் முடியவே முடியாது.

நம் கடலுக்கு மிக அருகில் நடந்த ஒரு வாரத்தை எடுத்துக்கொள்வோம். 1942 ஏப்ரல் தொடக்கத்தில் தளபதி நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களோடு ஜப்பானியக் கடற்படை இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. 5ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு தாக்கப்பட்டது. மறுநாள் வேறொரு ஜப்பானிய அணியின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. 9ஆம் தேதி திருகோணமலை. சென்னையில் அரசு அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. மக்கள் மூட்டைமுடிச்சோடு ரயிலேறினார்கள். தெற்கே பல இடங்களில் விமான ஓடுதளங்கள் போடப்பட்ட காலம் அது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட கயத்தாறிலும் ஒன்று போடப்பட்டது. கோவில்பட்டியைத் தாண்டினால் கயத்தாறு. ஆகவே இந்த விமானப்போர் யாருக்கோ எங்கேயோ நடந்தது என்று இந்தப் பக்கத்தார் சொல்ல முடியாது.

9ஆம் தேதி காலை கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் அவசரமாக அமைத்திருந்த ஓடுதளத்திலிருந்து, பிரிட்டிஷ் விமானப்படையின் 11ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின. ஒவ்வொன்றிலும் மூன்று பேர்: ஓட்டுபவர், வழிகாட்டி, துப்பாக்கியோடு வானொலியையும் கவனிப்பவர். ஒன்பது விமானங்கள் திருகோணமலைக்குக் கிழக்கே ஜப்பானிய அணியைக் கண்டுபிடித்து, சுமார் 11,000 அடி உயரத்திலிருந்து, நகுமோ இருந்த அகாகி கப்பலைக் குறிவைத்துக் குண்டுகளை விட்டன. குண்டுகள் பக்கத்துக் கடலில் விழுந்தன, ஒன்றும் படவில்லை. ஆனாலும் அந்த விமானந்தாங்கி அணியை வானிலிருந்து யாரும் தாக்கியது அதுவே முதல் முறை. ஜப்பானியரின் ஜீரோ போர்விமானங்கள் எழும்பி நான்கு பிளென்ஹைம்களை அங்கேயே வீழ்த்தின. மிஞ்சியவை கொழும்பை நோக்கித் திரும்பும் வழியில், மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலை மூழ்கடித்துவிட்டு வந்துகொண்டிருந்த ஜப்பானிய விமானங்களை எதிர்கொண்டன. அங்கே இன்னொன்று போயிற்று. ஒன்பதில் நான்கு தரையிறங்கின.

பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் ஒவ்வொன்றும் அன்றாடம் ஒரு செயற்பாட்டு ஏடு எழுதிவந்தது. லண்டனுக்கு அருகே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்று அவற்றை யாரும் பார்க்கலாம். பக்கம் முழுக்கக் கட்டங்கள்: தேதி, விமானத்தின் வகையும் எண்ணும், பணியாளர்களின் பெயர், என்ன பணி, ஏறிய நேரம், இறங்கிய நேரம், கடைசியில் விவரம். திரும்பிவந்த விமானத்துக்கு எல்லாக் கட்டங்களிலும் தட்டச்சு இருக்கும். திரும்பாத விமானத்துக்கு ஏறிய நேரம் மட்டும் இருக்கும்; இறங்கிய நேரம் என்ற கட்டத்தில் ஒன்றும் இருக்காது. ஆய்வாளர் கையில் எடுப்பது அந்த வெற்றுக் கட்டத்தைத்தான். காணாமற்போனார் என்று வீட்டுக்குத் தந்தி போகும். பிறகு கட்டளை அதிகாரியின் கடிதம். சில மாதங்கள் கழிந்து வேறு செய்தி வராவிட்டால், இறந்ததாகக் கொள்ளப்படுகிறது என்று இன்னொரு கடிதம். சம்பளக் கணக்கை முடிக்க வேண்டும், மனைவிக்கு ஓய்வூதியம் தர வேண்டும், உயில் நடைமுறைக்கு வர வேண்டும். இதற்கெல்லாம் ஒரு தேதி தேவை. ஏறிய தேதியே இறந்த தேதியாகும். அன்று திரும்பாத ஐந்து விமானங்களின் ஆட்களுக்கும் ஒரே தேதி, ஒரே வாசகம். கப்பல் அணியின்மேல் விழுந்தவனுக்கும், பணியை முடித்துவிட்டுத் திரும்பும் வழியில் விழுந்தவனுக்கும் அந்த ஏடு வேறுபாடு காட்டுவதில்லை. ஆனால் பெற்றோருக்கு அந்த வேறுபாடு பெரிது.

நம் சட்டம் இந்த இடத்தில் வியக்கத்தக்க நேர்மையோடு நடந்துகொள்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 108ஆம் பிரிவு: ஏழு ஆண்டுகள் ஒருவரைப் பற்றி, கேள்விப்பட்டிருக்க வேண்டியவர்கள் எவரும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும். புதிய சாட்சியச் சட்டத்திலும் இதே ஏற்பாடு தொடர்கிறது. காப்பீட்டுக் கழகம் தொடர்பான அனுராதா வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் இதன் எல்லையை வரைந்து காட்டியது. இறந்ததாகக் கொள்ளலாம், எந்த நாளில், எந்த நேரத்தில் இறந்தார் என்பதை அப்படிக் கொள்ள முடியாது, அதற்குத் தனியே சாட்சியம் வேண்டும் என்றது. சட்டம் அனுமானித்துக்கொள்வது இறப்பை மட்டும். எப்போது, எங்கே, எப்படி என்ற மூன்றையும் அது திறந்தே விட்டுவைக்கிறது. விமானியின் கதியைத் தேடுபவர் உழைப்பது இந்த மூன்று கேள்விகளில்தான். இந்த வரம்பு தெரியாதவர்கள்தான் போர்க்கல்லறை ஆணையத்தின் பட்டியலில் ஒரு பெயரையும் தேதியையும் பார்த்தவுடன் ஆய்வு முடிந்தது என்று எண்ணிவிடுகிறார்கள்.

அப்படியானால் எதிரியின் ஏட்டை நம்பலாமா? இதுவே முதல் மறுப்பு, வலுவான மறுப்பும்கூட. போரில் ஒவ்வொரு தரப்பும் தன் வெற்றியைப் பெருக்கிச் சொல்லும். கொழும்புத் தாக்குதல் நாளையே பாருங்கள். 20க்கும் மேற்பட்ட ஜப்பானிய விமானங்களை வீழ்த்தியதாகப் பிரிட்டிஷ் தரப்பு அறிவித்தது. ஜப்பானிய ஏடுகளின்படி அன்று அவர்கள் கொழும்பில் இழந்தது 7. ஜப்பானிய விமானிகள் சொன்ன எண்ணிக்கையும் இதே போல் ஊதிப் பெருத்ததுதான். இதை வேண்டுமென்று சொன்ன பொய் என்று நான் கருதவில்லை. ஒரே விமானத்தை மூன்று பேர் சுடுவார்கள், மூவரும் தனித்தனியே கணக்கு எழுதுவார்கள். புகை விட்டுக்கொண்டு தாழ்ந்து போனது விழுந்துவிட்டது என்று நினைப்பார்கள். ஆனால் இந்த மறுப்பிலிருந்தே ஆய்வுக்கான விதி பிறக்கிறது. தன் இழப்பைப் பற்றி எழுதும்போது ஒரு படையின் ஏடு நம்பத்தக்கது. எதிரியின் இழப்பைப் பற்றி எழுதும்போது ஐயத்துக்குரியது. எத்தனை விமானம் திரும்பவில்லை, அவற்றில் யார் யார் இருந்தார்கள் என்பதைப் பிரிட்டிஷ் ஏடு சொல்லட்டும். எத்தனை மணிக்கு, எந்தக் கப்பலுக்கு மேலே, எந்தத் திசையிலிருந்து வந்தது விழுந்தது என்பதை ஜப்பானிய ஏடு சொல்லட்டும். எண்ணிக்கைக்கு ஒன்று, சூழ்நிலைக்கு இன்னொன்று. இரண்டும் பொருந்தும் புள்ளியில் மட்டுமே முடிவு சொல்ல வேண்டும்.

ஜப்பான் சரணடைந்த 1945 ஆகஸ்டில் ஏராளமான ஆவணங்களைக் கொளுத்திவிட்டார்களே, இனி எதைப் பார்ப்பது என்று கேட்கலாம். கொளுத்தினார்கள் என்பது உண்மை. ஆனாலும் விமானந்தாங்கிக் கப்பல்களின் பறப்பு ஏடுகள் பெருமளவு தப்பின. டோக்கியோவில் பாதுகாப்பு அமைச்சின் ஆய்வு நிறுவனத்தில் அவை இருக்கின்றன; பல பக்கங்கள் இணையத்திலும் கிடைக்கின்றன. எந்த விமானத்தில் யார், எத்தனை மணிக்குக் கிளம்பினார், எவ்வளவு குண்டு செலவாயிற்று, என்ன சேதம் என்று அவையும் கட்டம் கட்டி எழுதியவைதான். அவற்றைப் படிப்பவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜப்பானியக் கடற்படை எந்தக் கடலில் இருந்தாலும் டோக்கியோ நேரத்தையே எழுதியது. அது கிரீன்விச்சுக்கு ஒன்பது மணி நேரம் முந்தியது. இலங்கையோ போரை முன்னிட்டு 1942 ஜனவரியில்தான் தன் கடிகாரத்தை அரைமணி முன்தள்ளி, கிரீன்விச்சுக்கு ஆறு மணி முந்திய நேரத்தைக் கடைப்பிடித்தது. இரண்டு ஏட்டுக்கும் மூன்று மணி நேர இடைவெளி. கொழும்பு ஏட்டில் காலை 10.25 என்றால் அகாகியின் ஏட்டில் அது பிற்பகல் 1.25. இதைக் கவனிக்காதவர் ஒரே சண்டையை இரண்டு சண்டையாக எண்ணிவிடுவார். அல்லது காலையில் விழுந்தவனை மாலைச் சண்டையில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஆய்வு என்பது பல சமயம் இப்படிச் சலிப்பூட்டும் கணக்குதான். அதில் தவறினால் ஒரு குடும்பத்துக்குத் தவறான சாவைச் சொன்னவர்களாவோம்.

எதிரியின் ஏடு எவ்வளவு இன்றியமையாதது என்பதற்கு அதே வாரத்தில் இன்னொரு சான்று இருக்கிறது. கனடா விமானப்படையைச் சேர்ந்த லியனார்ட் பிர்ச்சால், தென்னிலங்கையில் கொக்கல ஏரியிலிருந்து ரோந்து போன கேடலினா கடல்விமானத்தின் தலைவர். ஏப்ரல் 4 மாலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே 300 மைலுக்கும் அப்பால் ஜப்பானிய அணியைக் கண்டார். அவருடைய வானொலியாளர் செய்தியைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஜீரோக்கள் சூழ்ந்துவிட்டன. செய்தி பாதியில் நின்றது. கொழும்பில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: ஒரு பாதிச் செய்தி, அதன்பின் மௌனம். அந்தத் தரப்பின் ஏட்டை மட்டும் வைத்து முடிவெழுதினால், ஒன்பது பேரும் கடலில் மாண்டார்கள் என்றே எழுத வேண்டும். நெடுங்காலம் அப்படித்தான் கருதவும் பட்டது. உண்மையில் ஆறு பேர் உயிர் பிழைத்தார்கள். இசோகாஸே என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் அவர்களைத் தண்ணீரிலிருந்து தூக்கியது. அடியும் உதையும் பட்டு, ஜப்பானில் போர்க்கைதிகளாகக் கிடந்து, 1945இல் விடுதலையானார்கள். பிர்ச்சால் 2004 வரை வாழ்ந்தார். ஐந்து நாள் கழித்து, 9ஆம் தேதி காலையில், அதே ஸ்குவாட்ரனின் இன்னொரு கேடலினா, ரே தாமஸ் என்பவர் தலைமையில், அதே அணியைக் கண்டு அதே போல் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போது அறுந்துபோனது. அதில் ஒருவரும் பிழைக்கவில்லை. கொழும்பின் வானொலி அறையில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இரண்டும் ஒரே மௌனம். ஒன்றில் ஆறு உயிர் மிச்சம் இருந்தது, மற்றதில் எதுவுமில்லை. இதை அறியும் வழி எதிரியிடம் மட்டுமே இருந்தது.

இதே விதியைப் பிரிட்டிஷ் அரசே ஒருமுறை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டது. 1943 ஆகஸ்ட் 11 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் லாயிட் டிரிக் என்ற நியூசிலாந்து விமானி, லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் தீப்பற்றி எரியும்போதும் விடாமல் இறங்கி, ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றைத் தாக்கி மூழ்கடித்தார். விமானத்தில் இருந்த எட்டுப் பேரும் இறந்தார்கள். அவர் பக்கத்தில் பார்த்த கண் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மூழ்கிய கப்பலின் தளபதியும் சில மாலுமிகளும், விமானத்திலிருந்து மிதந்துவந்த ரப்பர் படகிலேயே ஏறி உயிர் தப்பியிருந்தார்கள். நடந்ததைச் சொன்னவர்கள் அவர்கள். அந்த எதிரிகளின் சாட்சியத்தை வைத்தே டிரிக்குக்கு விக்டோரியா கிராஸ் விருது வழங்கப்பட்டது. அவர் சேர்ந்திருந்த 200ஆம் ஸ்குவாட்ரன் அடுத்த ஆண்டு இந்தியாவுக்கு வந்து, நம் பரங்கிமலையிலிருந்து வங்காள விரிகுடாவில் ரோந்து பறந்தது என்பதைச் சென்னைவாசிகள் பலர் அறியமாட்டார்கள்.

அடுத்த மறுப்பு, கரையில் இருந்த மக்களின் நினைவைப் பற்றியது. காகிதத்தையே கட்டிக்கொண்டு அழுகிறீர்களே, கண்ணால் கண்டவர்கள் சொல்வதை ஏன் ஏற்கக் கூடாது என்று கேட்கிறார்கள். ஏற்க வேண்டும், எதற்கு ஏற்கத்தக்கதோ அதற்கு. திருகோணமலை சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்களில் ஒன்றின்மேல் ஏப்ரல் 9 அன்று ஒரு ஜப்பானிய விமானம் விழுந்தது. குதம் நாள்கணக்கில் எரிந்தது. உருகிச் சுருண்ட இரும்பு வெகுகாலம் அங்கேயே கிடந்தது. விமானி வேண்டுமென்றே மோதி உயிரைக் கொடுத்தான் என்பது ஊர்வழக்கு. இறந்தவர்கள் என்று மூன்று பெயர்களும் சொல்லப்படுகின்றன. விமானம் விழுந்த இடம், நாள், தீ எரிந்தது ஆகியவற்றுக்கு ஊராரின் சாட்சியம் உறுதியானது. ஆனால் விமானியின் மனத்தில் என்ன இருந்தது என்பதற்குத் தரையில் நின்றவர் எவரும் சாட்சியாக முடியாது. சுடப்பட்டு, கட்டுப்பாட்டை இழந்து விழும் விமானமும் குறிவைத்து இறங்கும் விமானமும் கீழிருந்து பார்ப்பவருக்கு ஒன்று போலவே தெரியும். ஜப்பானியக் கடற்படை தற்கொலைத் தாக்குதலுக்கென்று தனி அணி அமைத்தது 1944 அக்டோபரில், பிலிப்பைன்ஸில். பின்னால் உலகம் முழுக்கப் பேசப்பட்ட அந்த அணியின் புகழ், இரண்டரை ஆண்டு முன்பு நடந்த ஒரு சாவின்மேல் போய் ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பது என் தீர்ப்பு. பெயர்களையும், சீனக்குடாவிலிருந்து திரும்பாத விமானங்களின் ஜப்பானியப் பட்டியலோடு ஒப்பிட்ட பிறகே எழுத வேண்டும். பாரதியின் சாவுக்கு யானை வந்து சேர்ந்ததும் இந்த வகைதான். ஒரு பெரிய வாழ்வுக்குப் பெரிய சாவு வேண்டும் என்று மக்கள் விரும்புகிறார்கள். விருப்பம் புரிகிறது. ஆய்வாளர் அதற்கு இணங்கிவிடக் கூடாது.

தரையில் விழுந்தவர்களுக்கு வேறு வழிகள் உண்டு, அவற்றைச் சுருக்கமாகச் சொல்லிச் செல்கிறேன். போர் முடிந்தபோது பிரிட்டிஷ் விமானப்படையில் ஏறக்குறைய 42,000 பேர் காணாமற்போனவர்கள் பட்டியலில் இருந்தார்கள். அவர்களைத் தேடுவதற்கென்றே ஒரு பிரிவு இயங்கியது. நொறுங்கிய எஞ்சினில் பொறித்த எண்ணிலிருந்து விமானத்தை அறிவார்கள். விமானத்திலிருந்து அதில் பறந்தவர்களின் பட்டியலை எடுப்பார்கள். பிறகு மோதிரம், பூட்ஸ், சட்டைக் காலரில் சலவைக்காரர் இட்ட குறி ஆகியவற்றைக் கொண்டு உடல்களைத் தனித்தனியே அடையாளம் காண்பார்கள். ஒரு வெளுப்புக் குறி ஒரு தாய்க்குத் தன் மகனின் கல்லறையைக் காட்டியிருக்கிறது. சென்னை நந்தம்பாக்கத்தில் 1952இல் அமைந்த போர்க்கல்லறைத் தோட்டம், தென்னிந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் சிதறிக் கிடந்த கல்லறைகளை ஒரே இடத்தில் கொண்டுசேர்த்தது. 850க்கும் மேற்பட்ட இரண்டாம் உலகப்போர்க் கல்லறைகள் அங்கே உண்டு. கடலில் போனவர்களுக்குக் கல்லறை கிடையாது. கீழைக் கடல்களில் மறைந்த விமானிகளின் பெயர்கள் சிங்கப்பூரில் கிராஞ்சி நினைவகத்தின் தூண்களில் இருக்கின்றன. படையின் எல்லாப் பிரிவினரையும் சேர்த்து அங்கே 24,000 பெயர்களுக்கு மேல். 1942 ஏப்ரல் 9 அன்று பிளென்ஹைம்களில் போய்க் கடலில் மறைந்தவர்களைத் தேட வேண்டிய இடமும் அதுதான்.

மூன்றாவது மறுப்பைத் தமிழர் கூட்டம் ஒன்றில் தவிர்த்துவிட்டுப் போக முடியாது. நம்மை ஆண்டவர்களின் படைவீரன் எங்கே விழுந்தான் என்று தேடுவது நமக்கு எதற்கு? அதே போரில் நம் ஆட்கள் கேட்பாரற்றுச் செத்தார்களே? இந்தக் கேள்வியில் உள்ள கோபம் நியாயமானது. சயாம்–பர்மா ரயில் பாதையை நினைத்துப் பாருங்கள். 415 கிலோமீட்டர், 1942 நடுவிலிருந்து 1943 அக்டோபருக்குள் போடப்பட்டது. அதில் இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 12,000க்கும் மேல். அவர்களுக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாத்திலும் கல்லறைகள், பெயர்கள், ஏடுகள் உண்டு. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். அவர்களில் கணிசமானோர் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிச் செல்லப்பட்ட தமிழர்கள். அவர்களுடைய எண்ணிக்கையையே மதிப்பீடாகத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெயருக்கு எங்கே போவது? ஒரு விமானிக்கு வெற்றுக் கட்டமாவது இருந்தது. காட்டில் காலராவில் விழுந்த கருப்பனுக்கோ முனியம்மாவுக்கோ கட்டமே இல்லை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டே சொல்கிறேன்: இந்த அநீதி, விமானியைத் தேடும் முறையைக் கற்றுக்கொள்வதற்கான காரணமே தவிர ஒதுக்குவதற்கான காரணம் ஆகாது. தோட்ட நிர்வாகத்தின் சம்பளப் பட்டியல், ஜப்பானிய ரயில்படையின் முகாம் கணக்கு, பிழைத்து வந்தவர் சொன்னது ஆகியவற்றை ஒன்றோடொன்று பொருத்தி ஒரே ஒரு தமிழ்த் தொழிலாளியின் முடிவையாவது நிறுவ வேண்டுமானால், நாம் கையாள வேண்டியது இதே முறையைத்தான். இறந்தவனின் பெயரையும் அவன் எப்படி விழுந்தான் என்பதையும் சேர்த்துக் கல்லில் வெட்டிய மரபு நம்முடையது. செங்கம் பக்கத்து நடுகற்களில் எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு, யாருடைய ஆள், எதற்காகப் பட்டான் என்பதெல்லாம் இருக்கிறது.

கடைசி மறுப்பு மென்மையானது. அதனாலேயே பதில் சொல்லக் கடினமானது. இத்தனை காலத்துக்குப் பிறகு கிளறுவானேன், குடும்பங்கள் அமைதியாக இருக்கட்டும் என்கிறார்கள். முடிவு தெரியாத குடும்பம் அமைதியாக இருப்பதில்லை என்பதே நாம் காண்பது. 1971 டிசம்பர் 5 அன்று சு-7 குண்டுவீச்சுப் போர்விமானத்தில் பாகிஸ்தானின் ஷோர்கோட் ரோடு தளத்தைத் தாக்கச் சென்ற விஜய் வசந்த் தாம்பே திரும்பவில்லை. சில நாட்களிலேயே டாக்காவிலிருந்து வந்த ஒரு நாளிதழ், பிடிபட்ட இந்திய விமானிகளின் பெயர்களில் அவருடையதைப் போன்ற ஒரு பெயரையும் அச்சிட்டிருந்தது. அவர் மனைவி தமயந்தி தாம்பே தேசிய பாட்மிண்டன் சாம்பியன். அன்று தொடங்கிய தேடலை அவர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். காணாமற்போன படையினர் நாற்பது பேரின் பட்டியலை 1979இல் அமைச்சர் மக்களவையில் வைத்தார், 2007இல் குடும்பத்தினர் பதினான்கு பேர் பாகிஸ்தானுக்குப் போய்ச் சிறைகளைப் பார்த்தார்கள், யாரும் கிடைக்கவில்லை. தாங்கள் எவரையும் வைத்திருக்கவில்லை என்பது பாகிஸ்தானின் நிலை. இங்கே என் விதியின் மறுபக்கம் தெரிகிறது. எதிரியின் செய்தித்தாள் ஒரு வரி தந்தது. எதிரியின் ஏடு திறக்கவில்லை. ஏடு திறக்காதவரை, உயிரோடிருந்தார் என்று அடித்துச் சொல்லவும் முடியாது, இறந்தார் என்று முடித்துவைக்கவும் முடியாது. ஜப்பானும் பிரிட்டனும் தத்தம் ஏடுகளைத் திறந்ததால்தான் 1942இன் கதையை நாம் இவ்வளவு தூரம் பேச முடிகிறது. இந்தியாவும் பாகிஸ்தானும் 1965, 1971 போர்களின் விமான இழப்பு ஏடுகளை ஒருவருக்கொருவர் திறந்துகாட்ட வேண்டும். அரசியல் பகையைக் காரணம் காட்டி இதைத் தள்ளிப்போடுவது விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் இழைக்கும் கொடுமை.

கடல் தன் பங்குக்குச் சில சமயம் பதில் தருகிறது. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேர் போன ஏஎன்-32 விமானம் 29 பேரோடு காணாமற்போனது. எல்லோரும் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில், சென்னையிலுள்ள தேசியக் கடல்தொழில்நுட்ப நிறுவனத்தின் தானியங்கி நீர்மூழ்கி, சென்னைக் கரையிலிருந்து ஏறத்தாழ 310 கிலோமீட்டர் தொலைவில், 3,400 மீட்டர் ஆழத்தில், அந்த விமானத்தின் சிதைவுகளைப் படம் எடுத்தது. போர் இல்லாத காலம், பெயர்கள் எல்லாம் தெரியும், அரசும் தேடியது. அப்படியும் ஏழரை ஆண்டு ஆயிற்று. 1942இல் கிழக்குக் கடலில் விழுந்தவர்களின் விமானங்கள் எந்த ஆழத்தில் கிடக்குமோ, அவற்றை எடுக்க முடியும் என்று நான் நம்பிக்கை ஊட்டப்போவதில்லை. ஆனால் மன்னார் வளைகுடா வேறு. முத்துப் பார்களும் சங்கு விளையும் தரையும் குளிப்பவர் மூச்சடக்கிப் போய்வரும் ஆழத்தில் இருக்கின்றன. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. சங்கு குளித்தல் அதன்பிறகும் நின்றுவிடவில்லை. எந்த இடத்தில் பார், எங்கே மணல், எங்கே வலை கிழியும் என்பதைப் பரம்பரையாக மனத்தில் வைத்திருப்பவர்கள் இந்தக் கரையில் இருக்கிறார்கள். வலை கிழித்த இரும்பு எதுவென்று அவர்களிடம் யாராவது பெயர், இடம், நாள் குறித்துக் கேட்டு எழுத வேண்டும்.

காகிதமும் இங்கேயே இருக்கிறது. கரையில் ஒதுங்கிய பிணத்தைப் பற்றிக் கிராம அதிகாரி தகவல் கொடுக்க வேண்டும், காவல்துறை பிண விசாரணை நடத்த வேண்டும் என்பது 1898ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை. போர்க்காலத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டமானது 1986இல்தான். ஆகவே தேட வேண்டியது திருநெல்வேலிப் பழைய பதிவேடுகளிலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும். வேம்பாறு, மணப்பாடு போன்ற கடற்கரைப் பங்குகளின் அடக்கப் புத்தகங்கள் தனி. முகம் தெரியாத உடலையும் மண்ணில் வைத்து மந்திரித்து, ஒரு வரி எழுதிவைப்பது பங்குகளின் வழக்கம். அந்த வரியில் உடுப்பின் நிறமோ, கைக்கடிகாரமோ, தேதியோ இருந்தால் போதும், அதை எதிர்முனையில் உள்ள ஓர் ஏட்டோடு பொருத்திப் பார்க்கலாம்.

இந்த மாவட்டத்துக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளுக்கு என் வேண்டுகோள் இது. 1942 முதல் 1945 வரையிலான அடக்கப் புத்தகங்களையும் பிண விசாரணைப் பதிவுகளையும் உரியவர்களின் அனுமதி பெற்றுப் படியெடுங்கள். பெயர் தெரியாதவர் என்று எழுதியிருக்கும் ஒவ்வொரு பதிவையும், எந்தத் திருத்தமும் செய்யாமல், எழுதியிருக்கும் சொல்லிலேயே தனிப் பட்டியலாக்குங்கள். அவர் விமானியா, சரக்குக் கப்பல் லஸ்கரா, நம் ஊர்த் தோணிக்காரரா என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம். பட்டியலைக் காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையத்துக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். இன்னொரு பிரதியை இந்த ஊர் நூலகத்தில் யாரும் பார்க்கும்படி வையுங்கள். இந்தக் கல்வியாண்டிலேயே ஒரு பங்கின் புத்தகத்திலாவது வேலையைத் தொடங்கிவிடுங்கள்.